நாற்பத்தேழு வேலைக்கு வந்த புதன்கிழமை

இது நடந்தது. யாருக்கும் காது குத்த நான் உட்காரவில்லை. நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

நடந்தது எனக்கு அல்ல, என் அக்கா வீட்டுக்காரருக்கு. அத்தான் பொய்யே சொல்லாதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பொய் எழுதுவதில் அவருக்கு இருந்த கைநேர்த்தி எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பொய் சொல்கிறவன் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளத்தானே சொல்வான்? தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்ள எவனாவது பொய் சொல்வானா? தவிர, கடைசியில் வருகிற வாசற்படியை நானே இந்தக் கண்ணால் பார்த்தேன்.

இன்றைக்கு அக்காவும் அத்தானும் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு என் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். ஏன் என்று யாராவது கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். அத்தான் சுவரைப் பார்ப்பார்.

அத்தான் ஒரு சோப்புக் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தவர். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, அதற்குப் பெயர் டைம் ஆபீஸ். அதில் தலை நுழையாத அளவுக்கு ஒரு ஜன்னல். சுவரில் பலகை, பலகையில் ஆணிகள், ஆணிக்கு ஒன்றாக நம்பர் அடித்த பித்தளை டோக்கன். காலையில் வருகிறவர் ஜன்னலில் நம்பரைச் சொல்வார். அத்தான் டோக்கனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் ஒரு சாய்கோடு போடுவார். சாயங்காலம் டோக்கன் திரும்பி வந்ததும் அந்தக் கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆனால், ஆள் வந்தார், போனார். வராதவருக்கு வட்டம். ஒற்றைக் கோடு மட்டும் நின்றால், ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார்.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். அத்தானுக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆப்சென்ட். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் சீட்டில் கையெழுத்து வாங்காமல் விட மாட்டார். முதலாளியே எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு வந்தால் அவருக்கும் வட்டம்தான் என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனியை மூடினார்கள். பெரிய முதலாளி உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தார். கட்டடத்தில் எனக்கும் பாதி என்று மகள் வழக்குப் போட்டார். தம்பிக்காரர், அதாவது சின்ன முதலாளி, "மூடவே இல்லை, நான்தான் விடாமல் நடத்தி வருகிறேன், அனுபவ உரிமை முழுக்க என்னுடையது" என்று பதில் போட்டார். நடத்தினாராம். உள்ளே புறாக்கள் நடத்திக்கொண்டிருந்தன.

கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் வந்து கட்டடத்தையும் பதிவேடுகளையும் பார்ப்பார் என்று தகவல் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பே சின்ன முதலாளி அத்தானைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒன்பது வருஷமா ஆறு பேர் வந்து போன மாதிரி ஒரு பதிவேடு வேணும், டைம்கீப்பர். உங்க கையாலதான் முடியும்."

"தப்பாச்சேங்க."

"எங்க அக்கா பக்கம் தீர்ப்பாச்சுன்னா எல்லாத்தையும் இடிச்சிடுவாங்க. உங்க வீடும் சேர்த்துத்தான்."

அத்தானும் அக்காவும் இருந்தது கம்பெனிச் சுவருக்குள்ளேயே ஒரு மூலையில் இருந்த இரண்டு அறை வீட்டில். பதினேழு வருஷமாக அங்கேதான். அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, நாலு படி ஏறினால் நாற்காலியைத் தேடுவாள். அந்த வயதில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அத்தான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

பன்னிரண்டு நாள் எழுதினார். நாலு வகைப் பேனா. அங்கங்கே டீக்கறை. பக்க ஓரங்களை விரலால் தேய்த்துத் தேய்த்து அழுக்காக்கினார். ஐந்து நம்பர் சுலபமாகக் கிடைத்தது. சும்மா இருக்கிற பழைய ஆட்கள், யார் கேட்டாலும் ஆமாம் போடுவார்கள். ஆறாவதுக்குக் கம்பெனியின் பழைய பட்டியலைப் புரட்டினார். மற்றவர்கள் எல்லோரும் கணக்கு முடித்துப் பணம் வாங்கிப் போனவர்கள்; 'தானாக வேலையை விட்டு நின்றவர்' என்று ஒரே ஒரு நம்பர் இருந்தது. நாற்பத்தேழு. எழுதிவிட்டார்.

எழுதும்போது கை நடுங்கவே இல்லை என்று அத்தான் என்னிடம் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

புதன்கிழமை. மத்தியானம் இரண்டே கால் மணி. நல்ல வெயில். அத்தான் டைம் ஆபீஸுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். பெரிய கேட்டில் பூட்டு. சாவி அவர் இடுப்பில். நின்றுபோயிருந்த சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார், அது ஓட ஆரம்பித்தது. அந்த ஆறு நம்பரின் டோக்கனையும் துடைத்துப் பலகையில் மாட்டினார். செவ்வாய்க்கிழமை வரை எல்லாம் பெருக்கல் குறி. புதன்கிழமைக் கட்டத்தில் ஆறு பேருக்கும் ஒவ்வொரு சாய்கோடு போட்டார்.

இரண்டாவது கோட்டைப் போடவில்லை. மணி இன்னும் ஐந்து ஆகவில்லையே! எழுதுவது அத்தனையும் பொய், ஆனால் ஐந்து மணிக்கு முன்னால் ஒரு ஆளை வெளியே அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். இருந்து போட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

மணி 2.50. நிமிர்ந்து பார்த்தார். பலகையில் ஐந்து டோக்கன்தான் இருந்தது. நாற்பத்தேழு மாட்டிய ஆணி காலி.

விழுந்திருக்கும் என்று நினைத்தார். மேஜைக்கு அடியில் தேடினார். நாற்காலியைத் தள்ளித் தேடினார். முழங்காலில் உட்கார்ந்து சுவரோரம் முழுக்கத் தடவினார். இல்லை. வயசாச்சு, எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

மணி 3.10. சோப்பு வாசனை வந்தது. பழைய கட்டடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற வாடை அல்ல. அடுப்பில் இருக்கிற சோப்பு, கொதிக்கும்போது மூக்கைத் துளைக்குமே, அது. ஒன்பது வருஷமாக அங்கே யாரும் நெருப்பே மூட்டவில்லை.

வெளியே ரோட்டில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தன் வீட்டுப் பக்கம் அக்கா துணி உதறுகிற சத்தம் கூடக் கேட்டது. அந்தத் தைரியத்தில் அத்தான் உள்கதவைத் திறந்து கம்பெனிக்குள் எட்டிப் பார்த்தார்.

தரையில் ஈரக் கால்தடம்.

டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு நேராகத் தொடங்கி உள்ளே போயிருந்தது. வெறும் கால். முதலில் இருந்த தடங்கள் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. உள்ளே போகப் போக ஈரம். குழாயில் தண்ணீர் நின்று ஒன்பது வருஷம் ஆகிறது.

"யாரு?"

இன்னும் உரக்கக் கேட்டார்.

"யாருப்பா உள்ள?"

புறாக்கள்கூட அசையவில்லை... அத்தான் தடத்தின் பின்னாலேயே போனார். சோப்புக் காய்ச்சுகிற கொப்பரைக் கொட்டகையைத் தாண்டி, பின்பக்கம் தரையோடு தரையாக இருக்கிற எண்ணெய்த் தொட்டி வரைக்கும் போயிற்று தடம். இரும்பு மூடி. அதன் விளிம்பில் கடைசித் தடம். அதற்கப்புறம் தடமே இல்லை. திரும்பி வந்த தடமும் இல்லை.

மணி 3.40. தொட்டிக்குள்ளிருந்து சத்தம்.

டங்... டங்...

இரண்டு தட்டு.

அந்தச் சத்தம் அத்தானுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஆள் அந்தத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுவார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஆள். கீழே இருப்பவர் ஸ்பேனரால் சுவரில் தட்டுவார். இரண்டு தட்டு என்றால், நன்றாக இருக்கிறேன். மூன்று என்றால், மேலே இழு.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, இறங்கியவர் நாற்பத்தேழு. மேலே கயிறு பிடித்தவர் அன்று ஒரு நிமிஷம் தாமதமாக வந்திருந்தார். சீட்டில் கையெழுத்துப் போடாமல் நழுவிவிட்டார். விடுவாரா அத்தான்? நேரே தொட்டிக்குப் போய், "வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ, கயிறு எங்கயும் ஓடிடாது" என்று கையோடு டைம் ஆபீஸுக்கு இழுத்து வந்தார். சீட்டைத் தேடி, தேதி போட்டு, கண்டித்து அனுப்பப் பதினொரு நிமிஷம். திரும்பிப் போய்ப் பார்த்தபோது உள்ளே தட்டுகிற சத்தம் இல்லை. தொட்டியின் வாயு ஆளைக் கொன்றுவிட்டது. உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

பெரிய முதலாளி அன்றைக்குச் சொன்னது ஒரே வார்த்தை. "அவன் இன்னைக்கு வேலைக்கு வரலை." உடம்பைக் கம்பெனி வண்டியில் கொண்டுபோய் இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். அத்தான் காலையில் போட்ட சாய்கோட்டைப் பிளேடால் சுரண்டினார். அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார், பட்டியலில் 'தானாக வேலையை விட்டு நின்றவர்' என்று எழுதினார்.

மறுநாள் நாற்பத்தேழின் மனைவி கேட்டுக்கு வந்தார். "ஏழு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோட வேலைக்குத்தான் கிளம்புனாரு, ஐயா."

"வரலையேம்மா," என்றார் அத்தான். "பாருங்க." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். படிக்கத் தெரியாத அந்தம்மா வட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். சுரண்டிய காகிதம், விரலுக்குத் தெரிந்துவிடுமோ என்று அத்தான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை. அந்தம்மா போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் பெரிய முதலாளி அத்தானுக்கு அந்த இரண்டு அறை வீட்டைக் கொடுத்தார். அந்த வீடு வந்த வழி இதுதான். என் அக்காவுக்கு இது அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த வீட்டில் உட்கார்ந்து நான் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன்.

மணி 4.20. மறுபடி. டங்... டங்...

அத்தான் மூடிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஓடவும் இல்லை, குனியவும் இல்லை.

மணி 4.41.

டங். டங். டங்.

மூன்று.

மேலே இழு.

மூடியின் வளையம் அவர் காலடியில் இருந்தது. குனிந்து தூக்கினால் போதும். அவர் தூக்கவில்லை. இதைச் சொல்லும்போது அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டங். டங். டங்.

ஓடினார். டைம் ஆபீஸுக்குள் வந்து தாழ் போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 4.59. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே என்று நான்தானே கோடு போட்டேன்... வெளியே என்று நான்தான் போட வேண்டும்.

5.00.

பேனாவை எடுத்தார். முதல் ஆளுக்குக் குறுக்குக் கோடு. இரண்டாவது. மூன்றாவது. நாலு. ஐந்து.

நாற்பத்தேழு... பேனா எழுதவில்லை.

உதறினார். அழுத்தினார். வேறு பேனா. அதுவும் எழுதவில்லை. பக்கத்துக் கட்டத்தில் கிறுக்கினார், எழுதியது. நாற்பத்தேழில் வைத்தார்.

எழுதவில்லை.

தட்டுகிற சத்தம் நின்றது.

ஈரக் கால் நடக்கிற சத்தம். சளப்... சளப்...

பக்கத்தில்.

5.02.

ஜன்னலில் ஒரு கை.

வெளுத்த கை. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. உள்ளங்கையில் பித்தளை டோக்கன்.

"ஐயா... நாற்பத்தேழு."

கோபமே இல்லாத குரல். நாளெல்லாம் வேலை செய்து களைத்த குரல்.

"நான் வந்திருக்கேன்ல, ஐயா?"

ஆமாம் என்று ஒரே வார்த்தை. அதைச் சொல்ல அத்தான் வாயைத் திறந்தார். வீடு ஞாபகம் வந்தது. அக்காவின் முழங்கால் ஞாபகம் வந்தது. நாளைக்குப் பதினொரு மணி ஞாபகம் வந்தது.

"வரலை," என்றார்.

கை அசையாமல் இருந்தது.

அப்புறம் டோக்கனை மூடிக்கொண்டு மெதுவாக வெளியே போயிற்று. கால் சத்தம் கேட்டை நோக்கிப் போனது. பூட்டு ஆடவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் சத்தம் தேய்ந்து... நின்றது.

அன்றிரவு அக்கா சோறு போட்டபோது, கையில் சோப்பு வாடை வருகிறது என்று அத்தான் மூன்று முறை எழுந்து போய்க் கழுவினாராம்.

வியாழக்கிழமை சரியாகப் பதினொரு மணிக்குக் கமிஷனர் வந்தார். தரையில் ஒரு தடமும் இல்லை. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "ஒழுங்கா வச்சிருக்கீங்க" என்று பாராட்டினார். வழக்குப் போட்ட மகளும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது யாரு நாற்பத்தேழு? நேத்து உள்ள போனவரு இன்னும் வெளிய வரலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சேர்ந்து சிரித்தார். "மறந்துட்டேம்மா" என்று பேனாவை எடுத்தார். கமிஷனர் தடுத்துவிட்டார். "இனி யாரும் இதுல கை வைக்கக் கூடாது. திங்கட்கிழமை இந்த ஆறு பேரையும் நான் நேர்ல பார்க்கணும்." பதிவேட்டுக்கு முத்திரை வைத்து எடுத்துப் போனார். அந்த ஒற்றைக் கோடு இன்றைக்கும் கோர்ட் பெட்டிக்குள் ஒற்றைக் கோடாகத்தான் இருக்கிறது.

சின்ன முதலாளி அத்தானை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அந்த நாற்பத்தேழு வீட்டுல தம்பி, மச்சான் எவனாவது இருப்பான். ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து நிறுத்துங்க. நான்தான் நாற்பத்தேழுன்னு சொல்லட்டும்."

அந்த ஆள் செத்துப் பதினேழு வருஷமாகிறது என்று அத்தான் அப்போதும் சொல்லவில்லை. "சரிங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை என் கடைக்கு வந்து, ஒரு பழைய ஆளைப் பார்க்கணும், ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடு என்றார். எனக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது. போகிற வழியில், "என்ன அத்தான், யாருக்காவது ஆப்சென்ட் போடப் போறீங்களா?" என்று நான் வேறு கிண்டல் செய்தேன்.

குறுகலான சந்து. கடைசிக்கு முந்தின வீடு. வாசலில் ஒரு அம்மா சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அத்தானைப் பார்த்ததும் ஊசி நின்றது.

"நீங்க... சோப்புக் கம்பெனி கேட்ல இருந்தவருதானே?"

அத்தானின் கண் வாசற்படியில் இருந்தது. நானும் பார்த்தேன். சிமெண்ட் படியில், வீட்டைப் பார்த்தபடி, இரண்டு வெறுங்கால் தடம். வெள்ளையாக.

"போக மாட்டேங்குது," என்றார் அந்தம்மா. "தண்ணி ஊத்தித் தேய்ச்சுப் பார்த்தேன். நுரை வருது. தடம் போகலை."

"எப்ப இருந்து?" என்று கேட்டது நான்தான்.

"புதன்கிழமை சாயங்காலம். அஞ்சு இருபது. அவரு எப்பவும் வர்ற நேரம். விளக்குக்கூட வைக்கலை, நல்ல வெளிச்சம். நிமிர்ந்தா நிக்கிறாரு. உடம்பெல்லாம் ஈரம். உள்ள வாங்கன்னேன். வரலை."

அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கம்பெனியிலிருந்து அந்தச் சந்துக்கு நடக்கப் பதினெட்டு நிமிஷம்.

"அவரு போனப்புறம் ஊரே கேட்டுச்சுய்யா. வேலைக்குப் போறேன்னு சொன்னவனுக்குப் பூங்காவுல என்ன வேலை, யாரைப் பார்க்கப் போனான்னு. கேட்டுக் கேட்டு நானும் ஒரு நாள் நம்பிட்டேன். அவரு படத்தைக் கழட்டி உள்ள வச்சிட்டேன். அதான் புதன்கிழமை வந்து நின்னதும் அதையே கேட்டேன். அன்னைக்கு வேலைக்குத்தான் போனீங்களான்னு."

"என்ன... சொன்னாரு?" என்றார் அத்தான். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"'போனேன். இன்னைக்கும் போனேன். இன்னைக்கும் வரலைன்னு சொல்லிட்டாரு.' அவ்வளவுதான் சொன்னாரு."

ஜன்னலில் நடந்தது அதுவரை உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அத்தான் என்னிடம் சொன்னதே அதற்கப்புறம்தான்.

அந்தம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "யாருய்யா அப்படிச் சொன்னது?"

அத்தான் படிக்குக் கீழே, மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாம்மா. அன்னைக்கும் நான்தான். புதன்கிழமையும் நான்தான்."

அந்தம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. வலது கை ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"அந்த வட்டம் போட்ட இடம் மட்டும் சொரசொரன்னு இருந்துச்சு," என்றார். "விரலுக்கு அன்னைக்கே தெரிஞ்சுது. நான்தான் நம்பலை."